கடைசி நாள் தாமதம்: மல்லேஸ்வரத்தில் வீடு கைமாறும் முறை குறித்த ஓர் ஆய்வு

வீடு வாங்குவதிலும் விற்பதிலும் இரண்டு நாள்கள் முதன்மையானவை. விலையும் கெடுவும் பேசி முடித்து, முன்பணம் கொடுத்து, கிரய உடன்படிக்கையில் இரு தரப்பும் கையெழுத்திடும் நாள் ஒன்று. சார்பதிவாளர் முன்னிலையில் கிரயப் பத்திரம் பதிவாகி, சாவி கைமாறும் நாள் மற்றொன்று. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், தன் 54 ஆம் பிரிவில், விற்பதாகச் செய்துகொள்ளும் உடன்படிக்கை மட்டுமே சொத்தில் எவ்வித உரிமையையும் தோற்றுவிக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆகவே இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், வாங்குபவர் பணம் கொடுத்தும் வீட்டுக்கு உரியவராவதில்லை. விற்பவர் வீட்டுக்கு உரியவராக இருந்தும் அதை வேறொருவருக்குத் தடையின்றி விற்க முடிவதில்லை. வழக்கமாக மூன்று மாதம் என்று குறிக்கப்படும் இந்த இடைக்காலம் முடியும் தறுவாயில் எழும் தாமதங்களின் தோற்றுவாய்களையும், அவற்றைச் சட்டம் நோக்கும் முறையையும், அவற்றைச் சமாளிக்கும் வழிகளையும், பெங்களூரின் மல்லேஸ்வரம் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இத்தாமதங்களில் பெரும்பாலானவை உடன்படிக்கைக்கு முன்பே விதைக்கப்பட்டவை; கடைசி வாரத்தில் நிகழ்வது அவற்றின் கண்டுபிடிப்பு மட்டுமே. எஞ்சியவை, அதாவது அரசாணை, கணினிக் கோளாறு, மரணம், நோய் போன்றவை, எவராலும் முன்னறிய முடியாதவை. ஆனால் அவற்றால் விளையும் செலவை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க முடியும். இவ்விரு வகைகளையும் பிரித்தறியாததே பெரும்பாலான பூசல்களுக்கு வேர்.

இடத்தின் இயல்பு

மல்லேஸ்வரம் 1889 இல் திட்டமிடப்பட்டு, 1898 ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் விரைந்து வளர்ந்த குடியிருப்புப் பகுதியாகும். தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவிய ஏகோஜியோடு தொடர்புபடுத்தப்படும் காடு மல்லேஸ்வரர் கோயிலே இதற்குப் பெயர் தந்தது. மைசூர் அரசுப் பணிக்காகவும், பின்னர் 1909 இல் அருகே தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கழகத்தின் பணிகளுக்காகவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வேரூன்றின. சம்பிகே சாலைக்கும் மார்கோசா சாலைக்கும் இடைப்பட்ட குறுக்குத் தெருக்களில் இன்று விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் இரு வகையின: மூன்று, நான்கு தலைமுறைகளாகக் கைமாறிவரும் தனி வீடுகள், அத்தகைய வீடுகளை இடித்து, மனையின் உரிமையாளரும் கட்டுநரும் கூட்டாகக் கட்டிய சிறு அடுக்ககங்கள். முன்னதில் வாரிசுகளாலும் பின்னதில் கட்டட அனுமதிகளாலும் தாமதம் வருவது இயல்பு.

உரிமைத் தொடரில் எழும் தாமதம்

இன்றைய உரிமையாளருக்குச் சொத்து எவ்வழியே வந்தது என்பதைக் காட்டும் பழைய பத்திரங்களைத் தாய்ப்பத்திரங்கள் என்பர். இச்சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வங்கியின் சட்ட ஆலோசகர் கடன் தொகையை விடுவிக்கச் சம்மதிப்பதில்லை. பழைய வீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் கண்ணி, மணமாகிச் சென்ற மகள்களின் கையெழுத்தாகும். தந்தை தாமே ஈட்டிய சொத்தை உயில் எழுதாமல் விட்டு இறந்தால், 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. மூதாதையர் வழிக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989 இலும், கர்நாடகம் 1994 இலும் கொண்டுவந்தன. 2005 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அதை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐயம் தீர்த்தது. எனவே, அண்ணன் தம்பிகள் மட்டும் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட ஒரு வீடு விலைக்கு வரும்போது, சகோதரிகளிடமிருந்து விடுதலைப் பத்திரம், அதாவது தம் பங்கை விட்டுக்கொடுக்கும் பதிவுபெற்ற ஆவணம், பெறவேண்டியிருக்கிறது. கையெழுத்திட வேண்டியவர்கள் பல ஊர்களில் இருக்க, கெடு முடியும் வேளையில் இத்தேவை தெரியவந்தால், வாரங்கள் மாதங்களாவது தவிர்க்க முடியாதது.

வாரிசு வெளிநாட்டில் இருப்பின் அதிகாரப் பத்திரம், அதாவது தமக்காகக் கையெழுத்திட மற்றொருவருக்கு உரிமை தரும் ஆவணம், தேவைப்படுகிறது. அது அந்நாட்டின் நோட்டரி அல்லது இந்தியத் தூதரக அலுவலர் முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும்; இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். இத்தகைய அதிகாரம், கொடுத்தவர் இறந்தால் பொதுவாக முடிந்துபோகும் என்பதால், முதியவர் ஒருவர் அளித்த அதிகாரப் பத்திரத்தை நம்பிப் பதிவை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது இடர் மிகுந்தது.

அடுக்ககங்களில் முதன்மையான சிக்கல் குடியேற்றச் சான்று ஆகும். கட்டடம் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படி முடிந்துள்ளது என மாநகராட்சி தரும் ஒப்புதல் இது. இத்தகைய சான்றைச் சரிபார்த்த பின்னரே கட்டடத்தின்மீது வங்கிகள் கடன் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பணித்தது. அதற்குமுன் இச்சான்று இல்லாமலே வாங்கப்பட்ட வீடுகளை இன்று விற்க முனைவோர், தாம் வாங்கியபோது எவரும் கேளாத தாளுக்கு இப்போது அலைய நேர்கிறது.

பதிவேட்டிலும் கணினியிலும் எழும் தாமதம்

கர்நாடக நகரங்களில் சொத்து வரிப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரும் அளவுகளும் இடம்பெறும் பதிவைக் காத்தா என்பர். இது உரிமைச் சான்று ஆகாது. வரி செலுத்த வேண்டியவரைக் குறிக்கும் பதிவு மட்டுமே. எனினும் 2024 அக்டோபர் முதல், மின்வடிவக் காத்தா இன்றிப் பெங்களூரில் கிரயப் பத்திரம் பதிவாவதில்லை. அதைப் பெறுவதற்குக் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்து வரி எண், மின் இணைப்பு எண், ஆதார்வழி அடையாளச் சரிபார்ப்பு, கட்டடத்தின் நிழற்படம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மல்லேஸ்வரத்தின் பதிவேடுகளோ பழைய நகராட்சியிலிருந்து 1949 இல் உருவான மாநகராட்சிக்கும், 2007 இல் அமைந்த பெருநகர மாநகராட்சிக்கும், 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டபின் பெங்களூரு மேற்கு மாநகராட்சிக்கும் கைமாறி வந்தவை. பத்திரத்தில் ஊர்ப்பெயரையும் தந்தை பெயரையும் முன்னெழுத்துகளாகக் கொண்ட ஒரு தமிழர், ஆதாரில் முழுப்பெயராகவும், வரிப் பதிவேட்டில் கன்னட எழுத்துப்பெயர்ப்பில் வேறொரு வடிவிலும் இருப்பது அரிதன்று. அவ்வேறுபாட்டைச் சரிசெய்ய உறுதிமொழிப் பத்திரமும், அலுவலகத்தின் ஒப்புதலும், அதற்குரிய நாள்களும் தேவை.

பதிவுத்துறையின் காவேரி 2.0 மென்பொருள் 2023 இல் மாநிலமெங்கும் நடைமுறைக்கு வந்தது. வரைவுப் பத்திரத்தை முன்னதாகப் பதிவேற்றி, சார்பதிவாளர் அதைப் பார்த்து ஏற்ற பின் கட்டணம் செலுத்தி, நேரம் குறித்துக்கொண்டு, புகைப்படத்திற்கும் கைரேகைக்கும் மட்டும் நேரில் செல்லும் முறை இது. வரிசையில் காத்திருக்கும் துன்பத்தை இம்முறை பெரிதும் குறைத்தது. ஆனால் மென்பொருள் நின்றால் மாநிலத்தின் பதிவு முழுவதும் நிற்கும் நிலையையும் உருவாக்கியது. 2025 பிப்ரவரித் தொடக்கத்தில், செயற்கையாகக் குவிக்கப்பட்ட வேண்டுகோள்களால் தளம் திணறிப் பல நாள்கள் பதிவுகள் தடைப்பட்டமை இதற்குச் சான்று.

ஆணைகளால் வரும் இழப்பு இன்னும் நேரடியானது. அரசு சொத்துக்கு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச மதிப்பான வழிகாட்டி மதிப்பு, கர்நாடகத்தில் 2023 அக்டோபர் 1 அன்று உயர்த்தப்பட்டது. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 1 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாக்கப்பட்டது. இரண்டு கோடி ரூபாய் மதிப்புள்ள வீட்டின் பதிவு ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிப்போயிருந்தால், அச்சில நாள் தாமதத்தின் விலை இரண்டு இலட்சம் ரூபாய். அதை வாங்குபவர் தலையில் கட்டுவதா, தாமதத்திற்குக் காரணமானவர் ஏற்பதா என்பதற்கு வழக்கமான உடன்படிக்கைகளில் விடை இருப்பதில்லை.

பணத்தில் எழும் தாமதம்

விற்பவரின் வீட்டின்மீது பழைய கடன் இருந்தால், மூலப்பத்திரங்கள் அவருடைய வங்கியிடம் இருக்கும். அவை வெளிவராமல் வாங்குபவரின் வங்கி கடன் தராது. அக்கடன் வராமல் பழைய கடன் தீராது. வாங்குபவரின் வங்கி, விற்பவரின் வங்கிக்கே நேரடியாகத் தொகையைச் செலுத்திப் பத்திரங்களைப் பெற்றுக்கொள்வதே இம்முடிச்சை அவிழ்க்கும் வழக்கமான முறை. ஆனால் பல வங்கிகள் மூலப்பத்திரங்களைக் கிளைகளில் வைக்காமல் பொதுக் காப்பகங்களில் சேர்த்துவைப்பதால், அவை வந்துசேர நாள்கள் பிடிக்கின்றன. கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும் என்றும், தங்கள் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று பிறப்பித்த ஆணை, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இவ்வாணை இருந்தும், சட்டப்படி வங்கிக்கு 30 நாள் உண்டு என்பதை உடன்படிக்கையின் கெடுவில் கணக்கிட்டுக்கொள்வோர் குறைவு.

விலை 50 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத வீட்டை உள்நாட்டில் வசிப்பவரிடமிருந்து வாங்குபவர், விலையில் 1 விழுக்காட்டை வரியாகப் பிடித்துச் செலுத்த வேண்டும். மல்லேஸ்வரத்தில் இவ்வரம்புக்குக் கீழே வரும் வீடு அரிது. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராயின் கணக்கே வேறு: நீண்டகால மூலதன ஆதாயத்திற்குரிய 12.5 விழுக்காட்டையும், அதன்மேல் வரும் கூடுதல் வரிகளையும் பிடிக்க வேண்டியிருப்பதால், உண்மையான ஆதாயத்துக்கு ஏற்பக் குறைந்த அளவே பிடிக்கலாம் என்னும் சான்றை வருமான வரித்துறையிடமிருந்து பெற விற்பவர் விரும்புவார். அச்சான்றுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். விற்பவர்களான உடன்பிறந்தோரில் ஒருவர் அமெரிக்காவில் வசிப்பது பதிவுக்கு முதல்நாள் தெரியவந்தால், அவருடைய பங்கிற்கு எவ்வளவு பிடிப்பது என்ற கேள்வியே பதிவை நிறுத்திவிடப் போதுமானது.

மனிதராலும் நாட்காட்டியாலும் எழும் தாமதம்

பெங்களூரில் வீட்டைப் போக்கியத்துக்கு விடும் வழக்கம் பரவலாக உள்ளது. பெருந்தொகை ஒன்றை முன்னதாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இன்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாடு இது. வீட்டுக்காரர் அத்தொகையை ஏற்கெனவே செலவழித்திருப்பார். விற்ற பணம் வந்தால்தான் திருப்பித் தர இயலும். பணம் கைக்கு வராமல் குடியிருப்பவர் காலி செய்யமாட்டார். காலி செய்யாத வீட்டுக்கு வாங்குபவர் முழுப்பணம் தரமாட்டார். போக்கியத்துக்கு இருப்பவரும் தாம் அடுத்துப் போகும் வீட்டுக்கு இதே தொகையைத்தான் தரவேண்டும் என்பதால், ஒரு பதிவின் தாமதம் மூன்று குடும்பங்களின் குடிபெயர்வை நிறுத்திவைக்கிறது.

நல்ல நாள் பார்ப்பதும் கணக்கில் கொள்ள வேண்டியதே. கன்னடக் குடும்பங்கள் ஆஷாட மாதத்திலும் தமிழ்க் குடும்பங்கள் ஆடியிலும் பதிவையும் குடிபுகுதலையும் தவிர்ப்பர். இரண்டும் ஒரே மாதம் அல்ல. அமாவாசைக் கணக்கில் ஓடும் ஆஷாடம், தமிழ் ஆனி மாதத்தின் அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஆடி அமாவாசையோடு முடிகிறது. சூரியக் கணக்கில் ஓடும் ஆடியோ ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நீள்கிறது. விற்பவர் கன்னடர், வாங்குபவர் தமிழர் என்றால், இரு வீட்டாருக்கும் ஒவ்வாத நாள்கள் சேர்ந்து ஒன்றரை மாதத்தைத் தாண்டுவதுண்டு. வைகாசியில் மூன்று மாதக் கெடு வைத்து உடன்படிக்கை எழுதுவோர், உண்மையில் அதில் பாதியையே பெறுகின்றனர்.

தாமதத்தைச் சட்டம் நோக்கும் முறை

அசையாச் சொத்து விற்பனையில், குறித்த நாள் என்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று பொதுவாகக் கருதப்படுவதில்லை. கெடு தவறியவுடன் ஒப்பந்தம் தானே முறிந்துவிடாது. 1992 இல் சந்த் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இக்கொள்கையை உறுதிசெய்தபோதே, ஒப்பந்தத்தின் சொற்களும் சூழலும் காலத்தை இன்றியமையாததாக்கக் கூடும் என்றும் கூறியது. மதுரையிலுள்ள ஒரு வீட்டைப் பற்றிய கே.எஸ். வித்யானந்தம் எதிர் வைரவன் வழக்கில், 1978 டிசம்பரில் 60,000 ரூபாய்க்கு விலை பேசி 5,000 ரூபாய் முன்பணம் தந்து, ஆறு மாதக் கெடு கடந்தும் இரண்டாண்டுகளுக்கு மேல் வாளாவிருந்தவருக்கு, வீட்டைப் பெறும் தீர்வை வழங்க 1997 இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. நகரச் சொத்துகளின் விலை ஏறிக்கொண்டே போகும் காலத்தில், கெடுவுக்குப் பொருளே இல்லை என்பதுபோல் நடந்துகொள்ள முடியாது என்பதே அதன் சாரம்.

ஒப்பந்தப்படி வீட்டை எழுதித் தருமாறு நீதிமன்றம் ஆணையிடுவதைக் குறித்த செயல் தீர்வு என்பர். 2018 ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் இத்தீர்வு நீதிமன்றத்தின் விருப்பத்தை மட்டும் சார்ந்ததாக இல்லை. எனினும் கேட்பவர் தம் கடமையைச் செய்யத் தொடர்ந்து ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். குறித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கவும் வேண்டும். முன்பணம் தந்தவருக்கு, அத்தொகை அளவுக்குச் சொத்தின்மீது பொறுப்புரிமை உண்டு. தாமதத்திற்கு முன்கூட்டியே குறித்த இழப்பீட்டைப் பொறுத்தவரை, குறித்த தொகைக்கு மேற்படாமல் நியாயமான அளவே நீதிமன்றம் வழங்கும். நெடுங்காலம் நடக்கும் வழக்கே இத்தீர்வுகளுக்கெல்லாம் வழி என்பதால், சில வாரத் தாமதத்திற்கு இவை மருந்தாவதில்லை.

பதிவுச் சட்டத்திற்குள் சில உதவிகள் உண்டு. கையெழுத்தான பத்திரத்தை நான்கு மாதத்திற்குள் பதிவுக்குக் கொடுக்கலாம். பதிவானபின் அது கையெழுத்தான நாளிலிருந்தே செல்லும். பல உரிமையாளர்கள் ஒரே நாளில்தான் நேர்நிற்க வேண்டும் என்பதில்லை. வெவ்வேறு நாள்களிலும் வரலாம். தக்க காரணம் இருந்தால் சார்பதிவாளர் நோயாளியின் வீட்டுக்கே வந்து பதிவுசெய்ய 31 ஆம் பிரிவு இடமளிக்கிறது. முதியோர் மிகுந்த பகுதியில் இப்பிரிவின் பயன் பெரிது.

பிற நாட்டு முறைகள்

இங்கிலாந்தில் ஒப்பந்தங்கள் பரிமாறப்படும்வரை எவரும் விலகலாம். பரிமாறிய பின் நாள் உறுதியாகிறது, வழக்கமாகப் பத்து விழுக்காடு முன்பணம் பிணையாகிறது. அங்குப் பரவலாகப் பயன்படும் பொது நிபந்தனைகளின்படி, நாள் தவறினால் மற்றவர் அறிவிப்பு தரலாம். அதன்பின் பத்து வேலை நாள்களுக்குள் முடித்தாக வேண்டும். தாமதித்த காலத்திற்கு இழப்பீடும் உண்டு. சிங்கப்பூரில் வீட்டுவசதிக் கழக வீடுகளின் மறுவிற்பனையில், வாங்குபவர் முடிவெடுக்க 21 நாள்கள் தரப்படுகின்றன. விற்பவரின் புதிய வீடு ஆயத்தமாகாவிட்டால், விற்ற வீட்டிலேயே மூன்று மாதம்வரை தங்கிக்கொள்ள இருதரப்பு இசைவோடு முறையான ஏற்பாடு உண்டு. தாமதம் வரும் என்பதை முன்னரே ஏற்று, அதற்குரிய நாள்களையும் விளைவுகளையும் வகுத்துவைத்திருப்பதே இம்முறைகளின் பொதுப்பண்பு. இந்தியாவிலோ, தமிழ்நாடு 2012 முதல் கிரய உடன்படிக்கையைப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கியிருந்தும், உடன்படிக்கையின் உள்ளடக்கம் எழுதுபவரின் பழக்கத்திற்கே விடப்பட்டுள்ளது.

சமாளிக்கும் வழிகள்

முதல் வழி, சோதனைகளை முன்னுக்குக் கொண்டுவருவது. மின்வடிவக் காத்தா, வில்லங்கச் சான்று, வாரிசுப் பட்டியல், குடியேற்றச் சான்று, வங்கிக் கடன் நிலுவை, விற்போர் ஒவ்வொருவரும் வசிக்கும் நாடு ஆகியவை உடன்படிக்கைக்கு முன்பே பார்க்கப்பட வேண்டியவை. விற்பவர் இவற்றைத் தொகுத்து வைத்துக்கொண்ட பின்னரே வீட்டை விலைக்கு வைத்தால், அவருடைய விலைக்கும் வலுச்சேரும். வில்லங்கச் சான்றைப் பதிவுக்கு முதல்நாள் மீண்டும் எடுத்துப் பார்ப்பது, இடைக்காலத்தில் நுழைந்த உரிமைக்கோரலையோ அடமானத்தையோ காட்டும்.

இரண்டாவது வழி, நாள்களுக்கு விலை வைப்பது. பதிவுக்கு ஒரு நாளும், அதற்குப் பின் ஒரு சலுகைக் காலமும், அதையும் கடந்தால் நாள்வாரி இழப்பீடும், இறுதியாக விலகும் உரிமையும் எனப் படிப்படியாக எழுதலாம். இழப்பீடு அதே போன்ற வீட்டின் வாடகையை ஒட்டி அமைந்தால் நீதிமன்றத்தின் முன்னும் நியாயமானதாக நிற்கும். அரசுக் கட்டண உயர்வு, மென்பொருள் முடக்கம் போன்ற பொதுக்காரணங்களுக்குத் தனி விதி வேண்டும்: முடங்கிய நாள்கள் கெடுவில் சேராது, கட்டண உயர்வைத் தாமதத்திற்குக் காரணமானவர் ஏற்பார், எவரும் காரணமில்லையெனில் இருவரும் பங்கிடுவர் என்பது போல. வழிகாட்டி மதிப்பு இடையில் உயர்ந்தால், முத்திரைத் தீர்வை பதிவு நாளின் மதிப்பைத் தொடரும்; வருமான வரிக்கோ, முன்பணத்தின் ஒரு பகுதி உடன்படிக்கை நாளுக்குள் வங்கி வழியாகத் தரப்பட்டிருப்பின் அந்நாளின் மதிப்பையே கொள்ளலாம். முன்பணத்தை வங்கி வழியாகத் தருவதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

மூன்றாவது வழி, பதிவையும் குடிபெயர்வையும் ஒரே நாளில் கட்டாமல் பிரிப்பது. விலையில் சிறுபகுதியை நிறுத்திவைத்து, போக்கியதாரர் காலி செய்து மின்சாரம், குடிநீர், அடுக்ககச் சங்கம் ஆகியவற்றின் நிலுவைகள் தீர்ந்தபின் அதை விடுவிக்கலாம். போக்கியத் தொகையை வாங்குபவரே குடியிருப்பவருக்கு நேரடியாகச் செலுத்தி விலையில் கழித்துக்கொள்ளலாம். விற்பவர் சில வாரம் தங்க நேர்ந்தால், வாடகையும் வெளியேறும் நாளும் குறித்த தனி உரிமத் தாள் எழுதப்பட வேண்டும். விற்ற பணத்தில் வேறு வீடு வாங்குவோருக்கு வருமான வரிச் சட்டம் விற்பனைக்கு ஓராண்டு முன்பு முதல் ஈராண்டு பின்பு வரையும், கட்டுவதாயின் மூன்றாண்டும் தருகிறது. கணக்குத் தாக்கல் நாளுக்குள் முடியாவிட்டால் ஆதாயத்தை மூலதன ஆதாயக் கணக்கில் இட்டுவைக்கலாம். ஆகவே வரிக்கு அஞ்சி அவசரப்பட்டுக் குறைபாடுள்ள வீட்டை வாங்கத் தேவையில்லை.

இவற்றைத் தனிமனிதர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதே இன்றைய குறை. கட்டுநரிடமிருந்து புதுவீடு வாங்குவோருக்கு 2016 ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் தாமதத்திற்கு வட்டி பெறும் உரிமையைத் தந்துள்ளது; கர்நாடகத்தின் 2017 ஆம் ஆண்டு விதிகள் அவ்வட்டியைப் பாரத ஸ்டேட் வங்கியின் கடன் விகிதத்துக்கு மேல் 2 விழுக்காடு என வகுத்து, மாதிரி உடன்படிக்கை ஒன்றையும் இணைத்துள்ளன. மல்லேஸ்வரம் போன்ற பழம்பகுதிகளில் நடைபெறும் விற்பனைகளில் பெரும்பகுதியான மறுவிற்பனைக்கு அத்தகைய மாதிரி எதுவும் இல்லை. பதிவுக்கு வரைவைப் பதிவேற்றச் சொல்லும் காவேரி தளமே, சலுகைக் காலம், நாள்வாரி இழப்பீடு, கட்டண உயர்வுப் பங்கீடு, காலி செய்யும் நாள் ஆகிய நான்கு இடங்களைக் கொண்ட ஒரு மாதிரிக் கிரய உடன்படிக்கையைக் கன்னடத்திலும் பிற மொழிகளிலும் வைத்திருக்குமானால், புதிய சட்டம் எதுவும் இன்றியே இந்தப் பூசல்களில் கணிசமானவை எழாமல் போகும்.